ஒரே கல்லறை, வெவ்வேறு ஞாயிறுகள்

கேள்வி இதுதான்: அயர்லாந்தின் பெரிய கட்சிகள் எல்லாமே ஒரு காலத்தில் துப்பாக்கியிலிருந்து பிறந்தவைதானே? அப்படியிருக்க, ஐ.ஆர்.ஏ. என்ற அயர்லாந்துக் குடியரசுப் படையின் கடந்தகாலத்தைச் சொல்லி, அதன் அரசியல் முகமாக இருந்த சின் ஃபெயின் கட்சியை மட்டும் மற்றவர்கள் குத்திக்காட்டுவது இரட்டை வேடம் இல்லையா? அந்தக் கட்சி டப்ளினில் ஆட்சியைப் பிடித்துவிட்டால் இந்தச் சச்சரவு ஓய்ந்துவிடுமா?

முதல் கேள்விக்கு என் பதில்: இரட்டை வேடம் உண்டு, ஆனால் அது ஒரு தரப்பாரிடம் மட்டும் இல்லை. துப்பாக்கியை எடுத்த விதத்தில் அந்தக் கட்சிகளுக்கு இடையே உள்ள வேறுபாடு, அவர்கள் மேடையில் சொல்லிக்கொள்ளும் அளவுக்குப் பெரியதல்ல. துப்பாக்கியைக் கீழே வைத்த விதத்தில்தான் உண்மையான வேறுபாடு இருக்கிறது. இந்த வாதத்தில் ஈடுபடுவோர் பெரும்பாலும் முதலாவதைப் பற்றியே பேசுவதால்தான் நூறு ஆண்டுகளாகப் பேசியும் பேச்சு நகரவில்லை.

கில்டேர் மாவட்டத்தில் போடன்ஸ்டவுன் என்றோர் ஊர் இருக்கிறது. 1798-ஆம் ஆண்டுக் கிளர்ச்சியில் பிடிபட்டுச் சிறையில் இறந்த உல்ஃப் டோன் அங்குள்ள சிறிய தேவாலய மயானத்தில் புதைக்கப்பட்டிருக்கிறார். அயர்லாந்துக் குடியரசுவாதத்தின் தந்தை என்று போற்றப்படும் அவருக்கு ஆண்டுதோறும் அஞ்சலி செலுத்த, டப்ளினில் நெடுங்காலம் ஆண்ட ஃபியானா ஃபாயில் கட்சி ஒரு ஞாயிற்றுக்கிழமை வருகிறது. சின் ஃபெயின் வேறொரு ஞாயிறு வருகிறது. சின் ஃபெயினிலிருந்து பிரிந்துபோனவர்கள் இன்னொரு நாளில் வருகிறார்கள். கல்லறை ஒன்று, மலர்வளையங்கள் பல. உண்மையான வாரிசு தாங்கள்தான் என்று ஒவ்வொருவரும் அதே கல்லின் முன் நின்று சொல்கிறார்கள். கட்சிச் சண்டையின் வேர் எங்கே இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் காட்டும் இடம் அதுதான்.

தொடக்கத்திலேயே அதிகாரப் பிரச்சினை ஒட்டிக்கொண்டிருக்கிறது. 1916 ஏப்ரல் 24 அன்று டப்ளின் பொது அஞ்சலகத்தின் முன் நின்று குடியரசை அறிவித்த பேட்ரிக் பியர்ஸுக்கும் அவருடைய தோழர்களுக்கும் எந்த வாக்காளரும் ஆணை தரவில்லை; அன்றைய தேசியவாதிகளில் பெரும்பாலோர் ஜான் ரெட்மண்டின் தன்னாட்சிக் கட்சியின் பின்னால் இருந்தார்கள். கிளர்ச்சித் தலைவர்களை ஆங்கிலேயர்கள் சுட்டுக் கொன்றதுதான் மக்கள் மனத்தைத் திருப்பியது. 1918 டிசம்பர்த் தேர்தலில் சின் ஃபெயின் 105 இடங்களில் 73-ஐ வென்றது. அந்த வெற்றியைத்தான் பின்வந்த எல்லாரும் ‘மக்கள் ஆணை’ என்று காட்டுகிறார்கள். ஆனால், 1919 ஜனவரி 21 அன்று, அதாவது முதல் டாயில் (அந்த வெற்றியாளர்கள் அமைத்த அயர்லாந்து நாடாளுமன்றம்) டப்ளினில் கூடிய அதே நாளில், டிப்பரரி மாவட்டத்தின் சோலோஹெட்பெக்கில் இரண்டு காவலர்களைச் சுட்டுக் கொன்றவர்கள் எந்த டாயிலிடமும் அனுமதி கேட்டிருக்கவில்லை. அந்த நாடாளுமன்றம் ஐ.ஆர்.ஏ.வின் செயல்களுக்கு முறைப்படி பொறுப்பேற்றுக்கொண்டது 1921 மார்ச்சில்தான். அதற்குள் போர் முக்கால்வாசி முடிந்துவிட்டது. ஆகவே, “எங்கள் காலத்து ஐ.ஆர்.ஏ.வுக்கு மக்கள் ஆணை இருந்தது, பின்னால் வந்தவர்களுக்கு இல்லை” என்று ஃபியானா ஃபாயிலும் அதன் போட்டிக் கட்சியான ஃபின கேலும் சொல்லும்போது அவர்கள் ஒரு பாதி உண்மையை முழு உண்மையாக விற்கிறார்கள்.

அடுத்த கட்டம் இன்னும் கசப்பானது. 1921 டிசம்பர் 6 அன்று பிரிட்டனோடு கையெழுத்தான, வடக்கைப் பிரிட்டனோடு விட்டுவைத்துத் தெற்குக்குப் பேரரசுக்குள் தன்னாட்சி மட்டும் தந்த ஒப்பந்தத்தை டாயில் 64-க்கு 57 என்ற கணக்கில் ஏற்றுக்கொண்டது. ஏற்றவர்களும் (பின்னாளைய ஃபின கேல்) எதிர்த்தவர்களும் (பின்னாளைய ஃபியானா ஃபாயில்) 1922 ஜூன் முதல் 1923 மே வரை ஒருவரையொருவர் சுட்டுக்கொண்டார்கள். ஒப்பந்தத்தை ஏற்ற அரசு, எதிர்த்தரப்பைச் சேர்ந்த 77 பேருக்கு மரண தண்டனை நிறைவேற்றியது என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. அவர்களில் நால்வர், ஒரு நாடாளுமன்ற உறுப்பினர் கொல்லப்பட்டதற்குப் பழிக்குப் பழியாக, 1922 டிசம்பர் 8 அன்று விசாரணையே இல்லாமல் சிறையிலிருந்து எடுத்துச் செல்லப்பட்டுச் சுடப்பட்டார்கள். அந்த முடிவுக்கு ஒப்புக்கொண்ட அமைச்சர்களில் கெவின் ஓஹிகின்ஸும் ஒருவர். சுடப்பட்ட நால்வரில் ஒருவரான ரோரி ஓகானர், அதற்கு ஓராண்டுக்கு முன் ஓஹிகின்ஸின் திருமணத்தில் மாப்பிள்ளைத் தோழனாக நின்றவர். ஓஹிகின்ஸை ஐ.ஆர்.ஏ.க்காரர்கள் 1927 ஜூலையில், தேவாலயத்துக்கு நடந்துபோகும் வழியில் சுட்டுக் கொன்றார்கள்.

கெர்ரி மாவட்டத்தின் பாலிசீடியில் நடந்தது இதைவிடக் கொடுமை. எதிர்த்தரப்பினர் கண்ணிவெடி வைத்துத் தங்கள் படையினர் ஐவரைக் கொன்றதற்கு மறுநாள், 1923 மார்ச் 7 அன்று, அரசுப் படையினர் ஒன்பது கைதிகளை ஒரு கண்ணிவெடியைச் சுற்றிக் கட்டி வெடிக்கவைத்தார்கள். எட்டுப் பேர் சிதறினார்கள்; ஸ்டீஃபன் ஃபுல்லர் என்பவரை மட்டும் வெடிப்பு தூக்கி எறிந்து உயிரோடு விட்டது. அவர் பின்னாளில் ஃபியானா ஃபாயில் உறுப்பினராக டாயிலில் அமர்ந்தார். தன் தோழர்களை வெடிவைத்துக் கொன்ற தரப்பின் அரசியல் வாரிசுகள் எதிர்வரிசையில் இருக்க, அதே அவையில் அவர் சட்டம் இயற்றினார் என்பதை யோசித்துப் பார்த்தால், அந்த நாடு எவ்வளவு விழுங்கிச் செரித்திருக்கிறது என்பது புரியும்.

செரித்தது எப்படி என்பதுதான் முக்கியம். ஒப்பந்தத்தை எதிர்த்தவர்களின் தலைவரான டி வலேரா 1926-இல் சின் ஃபெயினை விட்டு விலகி ஃபியானா ஃபாயிலைத் தொடங்கினார். 1928-இல் அவருடைய சகா ஷான் லெமாஸ் தங்கள் கட்சியை ‘ஓரளவு அரசமைப்பு சார்ந்த கட்சி’ என்று டாயிலிலேயே வர்ணித்தார். அந்தச் சொற்றொடர் இன்றும் கேலியாக எடுத்துக் காட்டப்படுகிறது. 1932-இல் தேர்தலில் வென்று ஆட்சிக்கு வந்தார்கள். நான்கே ஆண்டுகளில், 1936-இல், டி வலேராவின் அரசு ஐ.ஆர்.ஏ.வைத் தடை செய்தது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பழைய தோழர்களை விசாரணையின்றி அடைத்தது, சிலரைச் சுட்டது, 1944 டிசம்பரில் ஐ.ஆர்.ஏ.வின் தலைமைத் தளபதியாக இருந்த சார்லி கெரின்ஸைத் தூக்கிலிட்டது. தூக்கிலிட ஆளை இங்கிலாந்திலிருந்து வரவழைத்தார்கள். இந்தக் கடைசிச் செய்தியை சின் ஃபெயின்காரர்கள் இன்றும் மறக்காமல் சொல்வார்கள். அதில் நியாயம் இருக்கிறது.

இந்த வழியில் போனவர்கள் டி வலேராவின் ஆட்கள் மட்டும் அல்லர். ஐ.ஆர்.ஏ.வின் தலைமைத் தளபதியாக இருந்த ஷான் மக்பிரைட் 1948-இல் வெளியுறவு அமைச்சரானார். 1974-இல் அமைதிக்கான நோபல் பரிசும் பெற்றார். 1969-இல் ஐ.ஆர்.ஏ. இரண்டாகப் பிளந்தபோது ‘அதிகாரபூர்வ’ அணி என்று அழைக்கப்பட்ட பிரிவின் அரசியல் வாரிசுகள் ‘வொர்க்கர்ஸ் பார்ட்டி’ என்ற கட்சியாகி, அதிலிருந்து பிரிந்தவர்கள் 1999-இல் லேபர் கட்சியோடு இணைந்து அதன் தலைமைக்கே வந்தார்கள். அவர்களில் ஒருவரான ஈமன் கில்மோர் 2011-இல் துணைப் பிரதமரானார். ஒவ்வொரு முறையும் நடந்தது ஒன்றே: ஓர் அணி பிரிந்து வெளியே வந்தது, விட்டுவந்த ஆயுதத்தைத் தன்னுடையது அல்ல என்று சொல்லியது, சில வேளைகளில் அதை ஏந்தியவர்களைச் சிறையிலும் அடைத்தது.

இப்போது 1985-க்கு வருவோம். பிளவின் மறுபாதியான ‘தற்காலிக’ ஐ.ஆர்.ஏ. பிரிட்டனின் கீழிருந்த வடக்கு அயர்லாந்தில் பதினைந்து ஆண்டுகளாகப் போர் நடத்திக்கொண்டிருந்த அந்த ஆண்டில் சின் ஃபெயின் ஒரு சிறு வெளியீட்டைக் கொண்டுவந்தது. தெற்கின் அரசியல்வாதிகள் போற்றும் ‘நல்ல பழைய ஐ.ஆர்.ஏ.’ 1919-க்கும் 1921-க்கும் இடையில் யார் யாரைக் கொன்றது என்ற பட்டியல் அது: காவலர்கள், உளவு சொன்னதாகச் சந்தேகிக்கப்பட்டவர்கள், குறுக்கே வந்த பொதுமக்கள். தன் முன்னோர்களின் கொலைக் கணக்கைத் தானே அச்சிட்டு விநியோகித்த கட்சி உலகில் வேறு இருக்குமா என்று தெரியவில்லை. அதன் நோக்கம் முன்னோர்களைக் கண்டிப்பதல்ல. “அவர்கள் வீரர்கள் என்றால் நாங்களும் வீரர்கள்” என்று நிறுவுவது. வாதம் என்ற அளவில் அது கூர்மையானது. ஆனால் இரண்டு பக்கமும் வெட்டும் கத்தி அது: அந்தப் பட்டியலைப் படித்துவிட்டு “அப்படியானால் இருவருமே தவறு” என்ற முடிவுக்கு வருபவரை எந்தத் தர்க்கமும் தடுக்காது.

அதே வாதம் 2020 நவம்பரிலும் தலைகாட்டியது. சின் ஃபெயினின் நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவர், 1920 நவம்பர் 28-இல் கார்க் மாவட்டத்தின் கில்மைக்கேலில் 17 பிரிட்டிஷ் துணைப்படையினர் கொல்லப்பட்டதையும், 1979 ஆகஸ்ட் 27-இல் வாரன்பாயின்ட் அருகே 18 பிரிட்டிஷ் வீரர்கள் கொல்லப்பட்டதையும் ஒரே பதிவில் கோத்து, பாடம் கற்க மெதுவான ஆங்கிலேயர்களுக்கு ஐ.ஆர்.ஏ. கற்பித்த பாடங்கள் என்ற பொருளில் எழுதினார். எதிர்ப்புக் கிளம்பியதும் பதிவை நீக்கி மன்னிப்புக் கேட்டார். கண்டனம் தெரிவித்த தலைவர்களின் கட்சிக்காரர்கள் கில்மைக்கேல் நினைவிடத்தில் தலைகுனிந்து நிற்பவர்கள். இரண்டுமே பதுங்கித் தாக்குதல். இரண்டிலும் இறந்தவர்கள் ஆயுதம் தாங்கிய படையினர். ஒன்றை விடுதலைப் போர் என்றும் மற்றொன்றைப் பயங்கரவாதம் என்றும் அழைப்பதற்கு அந்தச் சம்பவங்களுக்கு உள்ளே காரணம் தேடினால் கிடைக்காது. வெளியேதான் தேட வேண்டும்.

வெளியே தேடினால் கிடைக்கிறது என்பதே என் கருத்து. சின் ஃபெயினின் ஒப்பீடு உடைகிற இடமும் அதுதான். ஐ.ஆர்.ஏ.வின் போர் நடந்த அந்த ஆண்டுகள் முழுவதும் வடக்கின் தேசியவாத (ஒன்றுபட்ட அயர்லாந்தை விரும்பும்) வாக்காளர்களில் பெரும்பாலோர், வன்முறையை வெளிப்படையாக நிராகரித்த ஜான் ஹ்யூமின் எஸ்.டி.எல்.பி. கட்சிக்கே வாக்களித்தார்கள். ஐ.ஆர்.ஏ. கைதியான பாபி சாண்ட்ஸ் உட்படப் பத்துப் பேர் சிறையில் உண்ணாவிரதமிருந்து இறந்து இரண்டே ஆண்டுகள் கழிந்த 1983 தேர்தலில்கூட எஸ்.டி.எல்.பி. 17.9 விழுக்காடும் சின் ஃபெயின் 13.4 விழுக்காடும் பெற்றன. தெற்கில் 1987-இல் சின் ஃபெயின் பெற்றது இரண்டு விழுக்காட்டுக்கும் குறைவு. ஐ.ஆர்.ஏ. தன் அதிகாரத்தை இந்த வாக்குகளிலிருந்து பெறவில்லை. 1938-இல், ஒப்பந்தத்தை ஏற்காமல் எஞ்சியிருந்த பழைய டாயில் உறுப்பினர்கள் சிலர், தங்களிடமிருந்ததாக அவர்கள் கருதிய அரசதிகாரத்தை ஐ.ஆர்.ஏ.வின் தலைமைக் குழுவான இராணுவக் கவுன்சிலுக்கு எழுதிக்கொடுத்ததிலிருந்து பெற்றது. பூர்விகச் சொத்துக்கு உயில் காட்டுவதுபோல, உயிரோடிருக்கும் மக்களின் வாக்குக்கு மாற்றாக இறந்த நாடாளுமன்றத்தின் கையெழுத்தைக் காட்டினார்கள்.

மாற்று வழி இருந்ததா என்பது அடுத்த கேள்வி. 1973 டிசம்பரில் இங்கிலாந்தின் சன்னிங்டேலில், வடக்கின் இரு சமூகங்களும் ஆட்சியைப் பகிர்ந்துகொள்ள உடன்பாடு ஏற்பட்டது. அதைக் கவிழ்த்தவர்கள் வேலைநிறுத்தம் செய்த ஒன்றியவாதத் (பிரிட்டனோடு இணைந்திருக்க விரும்பும்) தொழிலாளர்கள்தான், ஆனால் ஐ.ஆர்.ஏ.வும் அதை வேண்டாம் என்றது. 1998 ஏப்ரல் 10-இல் கையெழுத்தான, வடக்கில் அமைதிக்கு வழிவகுத்த புனித வெள்ளி உடன்பாட்டை, எஸ்.டி.எல்.பி.யின் துணைத் தலைவர் ஷேமஸ் மாலன் ‘மெதுவாகக் கற்பவர்களுக்கான சன்னிங்டேல்’ என்றார். அந்தக் குத்தல் இரண்டு தரப்புக்கும் பொருந்தும். இடையிலிருந்த கால் நூற்றாண்டில் இறந்தவர்களை எண்ணிப் பார்ப்பவருக்கு அது வெறும் குத்தலாக இருக்காது. அந்த மோதலின் மொத்தச் சாவு ஏறத்தாழ 3,500. அதில் சுமார் அறுபது விழுக்காட்டுக்குக் குடியரசுவாத ஆயுதக் குழுக்களும், முப்பது விழுக்காட்டுக்குப் பிரிட்டனுக்கு விசுவாசமான ஆயுதக் குழுக்களும், பத்து விழுக்காட்டுக்கு அரசப் படைகளும் பொறுப்பு. 1972 டிசம்பரில் பெல்ஃபாஸ்டில் ஐ.ஆர்.ஏ.வினர், பத்துப் பிள்ளைகளின் தாயான ஒரு விதவையை வீட்டிலிருந்து இழுத்துச் சென்று கொன்று, உடலை எல்லைக்குத் தெற்கே ஒரு கடற்கரையில் மறைத்தார்கள். 2003-இல்தான் அது கிடைத்தது. பழைய ஐ.ஆர்.ஏ.வும் ஆட்களைக் கொன்று இரகசியமாகப் புதைத்ததுண்டு என்பது மெய். அதனால் பிந்தையது நியாயமாகிவிடாது; முந்தையதன் மேல் படிந்திருக்கும் பளபளப்புதான் கொஞ்சம் குறையும்.

இனி, கீழே வைத்த விதம். சின் ஃபெயினின் தலைவர்களான ஜெரி ஆடம்ஸும் மார்ட்டின் மக்கின்னஸும் டி வலேராவின் வழியில் போகவில்லை. இயக்கத்தை உடைத்துக்கொண்டு வெளியேறாமல், இயக்கத்தையே தங்களோடு நகர்த்தினார்கள். 1986-இல் டாயிலைப் புறக்கணிக்கும் கொள்கையைக் கைவிட்டபோது ரூரி ஓ பிராடி தலைமையில் சிலர் வெளிநடப்புச் செய்தார்கள். 1997-இலும் ஒரு பகுதி பிரிந்தது. அவர்களில் ஒரு குழுதான் 1998 ஆகஸ்டில் ஓமாவில் 29 பேரைக் கொன்றது. ஆனால் பெரும்பான்மை கலையவில்லை. 1994 போர்நிறுத்தம், 1996-இல் லண்டன் குண்டுவெடிப்போடு அது முறிந்தது, 1997-இல் மீண்டும் நிறுத்தம், 2005 ஜூலையில் ஆயுதப் போராட்டம் முடிந்தது என்ற அறிவிப்பு, செப்டம்பரில் ஆயுதங்கள் செயலிழக்கச் செய்யப்பட்டதாக, அதைக் கண்காணித்த கனடிய ஜெனரல் டி ஷாஸ்டலேன் அளித்த உறுதி: ஒவ்வொரு படியிலும் பின்னால் வருபவர்களைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே நடந்தார்கள். அமைதி நிலைத்ததற்கு இது முக்கியக் காரணம். 1922-ஐப் போல உள்நாட்டுப் போர் மீண்டும் வராமல் தடுத்தது இந்த மந்தமான நடைதான் என்று நான் நினைக்கிறேன்.

அதற்கான விலை என்னவென்றால், கூட வந்தவர்களின் கடந்தகாலத்தைத் தலைமை ஒருபோதும் கண்டிக்க முடியாது. “உங்கள் அண்ணன் வீணாகச் செத்தான், வீணாகக் கொன்றான்” என்று சொல்லிவிட்டு அந்தக் குடும்பத்தைக் கட்சிக்குள் வைத்திருக்க இயலாது. எனவேதான் 2022-இல்கூட சின் ஃபெயினின் துணைத் தலைவர் மிஷெல் ஓநீல், அந்தக் காலத்தில் வேறு வழி இருக்கவில்லை என்ற பொருளில் பேசினார். ஆடம்ஸ் தாம் ஐ.ஆர்.ஏ.வில் இருந்ததே இல்லை என்று இன்றுவரை மறுக்கிறார். மக்கின்னஸ் 1972-இல் வடக்கின் டெரி நகரில் தாம் ஐ.ஆர்.ஏ.வின் இரண்டாம் நிலைத் தளபதியாக இருந்ததாக ஒப்புக்கொண்டவர். ஆனால் 1974-இல் விலகிவிட்டதாகச் சொன்னார். அதை நம்பியவர்கள் அவருடைய ஆதரவாளர்களிலேயே குறைவு. 2011-இல் அவர் குடியரசுத் தலைவர் தேர்தலில் நின்று அத்லோன் நகரின் ஒரு வணிக வளாகத்தில் வாக்குக் கேட்டுக்கொண்டிருந்தபோது, ஒருவர் தன் தந்தையின் புகைப்படத்தைக் கையில் ஏந்தி எதிரே வந்து நின்றார். தந்தை அயர்லாந்து இராணுவத்தின் வீரர்; 1983 டிசம்பரில் ஐ.ஆர்.ஏ. கடத்திய ஒருவரை மீட்கும் நடவடிக்கையில் லைட்ரிம் காட்டில் கொல்லப்பட்டவர். கொன்றவர்களின் பெயரைச் சொல்லுங்கள் என்று மகன் கேட்டார். தெரியாது என்றார் மக்கின்னஸ். கேமராக்கள் சுற்றி நின்றன. 1916-க்கும் 1970-க்கும் என்ன வேறுபாடு என்று சின் ஃபெயின் அதுவரை சேர்த்துவைத்திருந்த வாதங்களில் ஒன்றுகூட அந்தப் புகைப்படத்தின் முன் உதவவில்லை.

மறுதரப்புக்கு வருவோம். ஃபியானா ஃபாயிலும் ஃபின கேலும் பெல்ஃபாஸ்டில் ஒன்றியவாதிகளிடம் “சின் ஃபெயினோடு ஆட்சியைப் பகிர்ந்துகொள்ளுங்கள்” என்று கால் நூற்றாண்டாக அறிவுரை சொல்லி வருகிறார்கள்; டப்ளினில் அதே கட்சியோடு கூட்டணி என்றால் கடந்தகாலம் உறுத்துகிறது என்கிறார்கள். 2015-இல் பிரிட்டிஷ் அரசு வெளியிட்ட மதிப்பீடு, இராணுவக் கவுன்சில் இன்னும் இருக்கிறது, ஆனால் அதன் நோக்கம் முழுக்க அரசியல்தான் என்றது. அதன் முதல் பாதியை எதிர்க்கட்சிகளும் இரண்டாம் பாதியை சின் ஃபெயினும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டார்கள். 2020 பிப்ரவரியில் தெற்கில் நடந்த தேர்தலில், வீட்டு வாடகைக் கொடுமையால் கொதித்த இளைஞர்கள் சின் ஃபெயினுக்கு 24.5 விழுக்காடு வாக்குகளைத் தந்து முதலிடத்தில் நிறுத்தினார்கள். சில மாதங்களில், நூறாண்டுப் பகையாளிகளான இரு கட்சிகளும் முதன்முறையாகச் சேர்ந்து ஆட்சி அமைத்தன. 2022 ஆகஸ்டில், 1922-இல், ஒப்பந்தத்தை ஏற்ற தரப்பின் தலைவரான மைக்கேல் கொலின்ஸ் சுட்டுக் கொல்லப்பட்ட பேல் நா ப்ளாவில், கொலின்ஸின் எதிரிகளுடைய கட்சித் தலைவரான மீஹால் மார்ட்டினும் கொலின்ஸின் வாரிசுக் கட்சித் தலைவரான லியோ வரட்கரும் ஒரே மேடையில் நினைவுரை ஆற்றினார்கள். உள்நாட்டுப் போரின் காயம் ஆறியதன் அடையாளம் அது என்றார்கள். பொது எதிரி ஒருவர் கிடைத்தால் காயம் விரைவாக ஆறும் என்பதையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம்.

வடக்கின் ஒன்றியவாதிகள் இந்த வழக்கில் தங்களைக் கறைபடாத சாட்சிகளாகக் காட்டிக்கொள்வதுண்டு. அந்தத் தலைமுறை அரசியலுக்குள் துப்பாக்கியைப் பெரிய அளவில் இறக்குமதி செய்தவர்கள் அவர்கள்தான்: 1914 ஏப்ரலில் லார்ன் துறைமுகத்தில் ஏறத்தாழ 25,000 துப்பாக்கிகள் இறங்கின. லண்டனும் சாட்சிக் கூண்டில் நிற்கத் தகுந்ததல்ல. 1972 ஜனவரி 30 அன்று டெரியில் ஊர்வலம் போனவர்களைத் தன் படை சுட்டது நியாயமற்றது என்று ஒப்புக்கொள்ள அதற்கு 2010 வரை ஆனது.

இரண்டாவது கேள்விக்கு, ஆட்சிக்கு வந்தால் ஓயுமா என்பதற்கு, சின் ஃபெயின் ஏற்கெனவே பாதி ஆட்சியில் இருக்கிறது என்பதே முதல் விடை. 2024 பிப்ரவரி முதல் வடக்கின் முதலமைச்சர் மிஷெல் ஓநீல்தான். டி வலேரா எடுத்த அடியைப் போன்ற ஓர் அடியை அந்தக் கட்சி அதற்கும் முன்பே எடுத்துவிட்டது. 2009 மார்ச்சில் அதிருப்திக் குடியரசுவாதக் குழுக்கள் இரண்டே நாள் இடைவெளியில் இரு பிரிட்டிஷ் வீரர்களையும் ஒரு காவலரையும் கொன்றபோது, துணை முதலமைச்சராக இருந்த மக்கின்னஸ், ஒன்றியவாத முதலமைச்சரோடும் காவல்துறைத் தலைவரோடும் வடக்கின் சட்டமன்றம் இருக்கும் ஸ்டார்மன்ட் வாசலில் நின்று, கொலையாளிகளை அயர்லாந்துத் தீவுக்குத் துரோகம் செய்தவர்கள் என்றார். முப்பது ஆண்டுகளுக்கு முன் உங்கள் ஆட்கள் செய்ததைத்தானே இவர்களும் செய்தார்கள், 1979-இல் சரியாக இருந்தது 2009-இல் எப்படித் துரோகமானது என்று அதிருப்தியாளர்கள் திருப்பிக் கேட்டார்கள். காலம் மாறிவிட்டது, இப்போது அரசியல் வழி திறந்திருக்கிறது, உங்களுக்கு மக்கள் ஆணை இல்லை என்று சின் ஃபெயின் பதில் சொன்னது. ஏறத்தாழ அதே பதில்களைத்தான் ஒரு காலத்தில் டப்ளின் அரசியல்வாதிகள் சின் ஃபெயினுக்குச் சொல்லியிருந்தார்கள்.